உன் மகள் எடுத்த கமிஷன்

என் செல்விப் பாப்பாவுக்கு,

இதை ஊரே படிக்கும். "நீ எனக்குன்னு எப்பண்ணா எழுதின, எல்லாம் ஊருக்குத்தான்" என்று நீ சொல்வாய். இது உனக்குத்தான். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும். அவர்களும் கேட்க வேண்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உன் மகள். சிந்து ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். உன் அண்ணி மல்லிகாவின் தோள் உயரம் இருக்கிறாள். தலை பின்னும்போது உன்னைப் போலவே கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்கிறாள். கத்திரிக்காய் என்றால் இன்னும் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிறாள். பல் ஒன்று கோணலாக முளைத்திருக்கிறது, கம்பி போட வேண்டும் என்கிறார் டாக்டர். அவள் அப்பா பெங்களூர்ப் பக்கம் போனவர் போனவர்தான். போன் கூட இல்லை. அவளும் கேட்பதில்லை.

பாகலூர் சாலையில் எங்கள் வீடு அப்படியேதான் இருக்கிறது. எதிரே ரோஜாத் தோட்டம் இருந்ததே, நீ வரும்போதெல்லாம் கம்பி வேலிக்குள் கைவிட்டு ஒன்று பறிப்பாயே, அந்த இடத்தில் லைன் வீடுகள் வந்துவிட்டன. இரண்டு வரிசை, நடுவில் ஒரு குழாய். கம்பெனிக்குப் போகிறவர்கள் குடியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அந்த வீடுகளில் ஒன்றைப் பற்றியும்தான்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நீ என்னிடம் கேட்டது உனக்கு நினைவிருக்குமா? மாம்பழ சீசன் அது. ஜன்னலைத் திறந்தால் கூழ் ஆலைக்குப் போகும் லாரிகளின் வாசனை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். படிப்பைப் பற்றிச் சொல்வாய், கல்யாணத்தைப் பற்றிச் சொல்வாய் என்று நான் காத்திருந்தேன்.

"எம் பொண்ணுக்குக் காசு சொல்லிக் குடுண்ணா. மத்ததெல்லாம் ஸ்கூல்ல சொல்லுவாங்க. எங்க கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடற என்னை மாதிரி ஆளா அவ ஆயிடக் கூடாது."

அவ்வளவுதான் கேட்டாய். சரி என்றேன். பெரிய வேலையாகத் தோன்றவில்லை எனக்கு.

நீ ஏன் அப்படிக் கேட்டாய் என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. கம்பெனியில் விளக்கு பொருத்தும் லைனில் நீ நின்ற வருஷங்கள் முழுக்க, உனக்குச் சம்பளம் கொடுத்தது கம்பெனி இல்லை, ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். வெற்று வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கம்பெனி உன் பெயருக்குக் கொடுத்ததில் பத்துக்கு இரண்டு எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.

ஒரு முறை காய்ச்சலில் ஒரு நாள் போகவில்லை. அந்த மாதத்து அட்டெண்டன்ஸ் போனஸ் முழுதும் போயிற்று. நேரே என் வீட்டுக்கு வந்து, மல்லிகா வைத்த சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாய். "ஒரு நாள் வரலன்னா ஒரு நாள் காசைப் புடிக்கட்டும். மிச்ச நாளெல்லாம் நின்னுதே, அந்தக் கால் யாருது?" என்று கேட்டாய்.

நான் அதைச் செய்தியாக எழுதினேன். தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனம், ஒரு ஒப்பந்ததாரர், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண் தொழிலாளி. படித்துவிட்டு நீ சிரித்தாய். "யார் பேரும் இல்லாம எழுதியிருக்கியே, இது யாரைப் பத்தின நியூஸ்? காத்தைப் பத்தியா?" ஆதாரம் போதாது பாப்பா என்றேன். அது உண்மைதான். ஆனால் உன் சிரிப்பு என்னை விடவில்லை.

சரி, சிந்துவுக்குக் காசு சொல்லிக் கொடுத்த கதைக்கு வருகிறேன்.

முப்பது வருஷமாக ஓசூரில் நிருபர். நான் எழுதியதில் பாதி கம்பெனிச் செய்தி. அதனால்தானோ என்னவோ, வேலைக்கும் காசுக்கும் எனக்குத் தெரிந்த ஒரே முறை கம்பெனி முறையாக இருந்திருக்கிறது. வீட்டு வேலைகளுக்கு ரேட் போட்டேன். சாயங்காலப் பாத்திரம் கழுவ இருபது ரூபாய். வாசல் பெருக்க ஐந்து. துணி மடிக்கப் பத்து. சனிக்கிழமை சம்பளம். வாரத்தில் ஒரு நாளும் தவறாமல் செய்தால் மேலே முப்பது ரூபாய் அட்டெண்டன்ஸ் போனஸ். ஒரு நாள் தவறினாலும் போனஸ் கிடையாது.

ஆமாம் பாப்பா. அதே போனஸ். உன்னை அழ வைத்ததைக் கொண்டுவந்து உன் மகளுக்கு வைத்தேன். அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை. ஒழுங்கு வரும் என்று நினைத்தேன்.

மல்லிகாவுக்குப் பிடிக்கவில்லை. தையல் கடையிலிருந்து வந்தவள், செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நம்ம வூட்டுப் பாத்திரம் கழுவ நம்ம புள்ளைக்குக் கூலியா? அப்ப எனக்கு எவ்ளோ பாக்கி இருக்குது, அதையும் போடுங்க" என்றாள். சிந்து உடனே, "அத்தை, நீங்க பர்மனென்டு. உங்களுக்குப் பி.எஃப். உண்டு" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். மல்லிகா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

சிந்து நன்றாகச் செய்தாள். கேட்டதையெல்லாம் வாங்குகிற பிள்ளை, கடையில் நின்று விலை கேட்க ஆரம்பித்தாள். பேனாவில் மசி தீர்ந்தால் ரீஃபில் மட்டும் வாங்கினாள். எனக்குக் கர்வம். ஆஸ்பத்திரியில் ஒப்புக்கொண்டதைச் செய்துகொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு.

பரீட்சை நேரத்தில் ஒரு நாள், படிக்கவும் பாத்திரத்துக்கும் எப்படி நேரம் போதுகிறது என்று கேட்டேன். "பாத்திரத்தை ஃப்ரெண்டுகிட்டக் குடுத்துட்டேன் மாமா. அவளுக்கும் காசு, எனக்கும் நேரம்" என்றாள். சத்தம் போட்டுச் சிரித்தேன். அன்றைக்கு ஆபீசில் எல்லோரிடமும் சொன்னேன். பன்னிரண்டு வயதில் வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்திருக்கிறதே என்று அவர்களும் சிரித்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் எழுதிவிட்டேன். பிள்ளைகளுக்குப் பணப் பழக்கம் எப்படி வரும் என்று தொடங்கி, ரேட், சனிக்கிழமைச் சம்பளம், போனஸ் எல்லாம் விவரமாக. முடிவில் சிந்து தோழிக்கு வேலை கொடுத்ததைச் சொல்லி, இதுதான் நிர்வாகத் திறமை என்று ஒரு வரி. பத்திரிகையில் இத்தனை வருஷத்தில் எனக்கு இவ்வளவு போன் வந்ததில்லை. எங்கள் வீட்டிலும் ஆரம்பித்துவிட்டோம் சார் என்றார்கள் பலர்.

அந்தத் தோழி யார், அவளுக்கு எவ்வளவு என்று நான் சிந்துவிடம் கேட்கவில்லை. கலெக்டரிடம் கேட்பேன், கம்பெனி மேனேஜரிடம் கேட்பேன். யார், எவ்வளவு. இந்த இரண்டு கேள்வியையும் கேட்டுத்தான் முப்பது வருஷம் சோறு தின்றேன். என் வீட்டுக்குள் கேட்கவில்லை.

கட்டுரை வந்து ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். கம்பெனியின் நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருக்கிறாள். பெயர் ரத்னம்மா என்றாள். எதிர் லைன் வீட்டில் மூன்றாவது வீடு. உள்ளே வாங்க என்றேன். வரவில்லை.

"சார், எம் பொண்ணு உங்க வூட்ல வேல செய்யுதா?"

"இல்லீங்களே. ஜோதிதானே? சிந்துகூட விளையாட வரும்."

நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் தெரியும். பின்னால் சிந்து வந்து நின்றாள்.

"மாமா, ஜோதிதான் பாத்திரம் கழுவறா. ஃப்ரெண்டுகிட்டக் குடுத்திருக்கேன்னு சொன்னேனே."

அவள் குரலில் ஒளிக்கிற மாதிரி எதுவும் இல்லை. நான் மெச்சிய காரியம்தானே? பேப்பரிலேயே வந்ததுதானே?

ஜோதிக்கு ஒன்பது வயது பாப்பா. நான்காம் வகுப்பு. இருபதில் பத்து அவளுக்கு, பத்து சிந்துவுக்கு. வாரம் முழுதும் வந்தால் பத்து ரூபாய் போனஸ் என்று சிந்து அவளுக்கும் ஒன்று வைத்திருக்கிறாள். அதற்கு முந்தின வாரம் ஜோதிக்கு ஜுரம். ஒரு நாள் வரவில்லை. சிந்து போனஸைப் பிடித்துவிட்டாள். ஜோதி வீட்டுக்குப் போய், போனஸ் போச்சு என்று அழுதிருக்கிறது. எந்த போனஸ் என்று ரத்னம்மா கேட்டிருக்கிறாள். அப்படித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கும் கம்பெனியில் அதே போனஸ், அதே பிடித்தம்.

நான் வாசலில் நின்றுகொண்டு விளக்கம் சொன்னேன். அதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் விளக்கம் சொன்னேன். பிள்ளைங்களுக்குச் சின்ன வயசுலயே பணத்தோட அருமை தெரியணும்னு ஒரு ஏற்பாடு என்றேன்.

"எம் பொண்ணுக்குத் தெரியும் சார். எங்க வூட்ல அது தெரியாம இருக்க முடியாது," என்றாள் ரத்னம்மா. சத்தம் போடவில்லை. "எங்கம்மா வேப்பனப்பள்ளிப் பக்கம் பெரிய வூட்ல பாத்திரம் கழுவுச்சு. அதோட கையப் புடிச்சுக்கிட்டு நானும் போயிருக்கேன். எம் பொண்ணு யார் வூட்டுப் பாத்திரத்தையும் தொடக்கூடாதுன்னுதான் ஓசூர் வந்து லைன்ல நிக்கறேன். அது உங்க வூட்டுக்கு எந்தப் பக்கமா வந்துதுன்னு கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. பாத்திரம் போடுவது பின்பக்கத் தொட்டியில். சந்து வழியாகப் பின்கதவுக்கு வந்துவிடலாம். மல்லிகா ஏழு மணிக்கு வருவாள், நான் இருந்தால் முன்னறையில் போனில் இருப்பேன். ஜோதி வந்ததும் போனதும் அந்த வழி. விளையாட வரும்போது மட்டும் முன்பக்க கேட்டு.

பின்கதவு வழியாக வா என்று நீ சொன்னாயா என்று அப்புறம் சிந்துவிடம் கேட்டேன். இல்லை, அவளாகத்தான் வந்தாள் என்றாள். அந்தக் குழந்தைக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது? வேலைக்கு என்றால் பின்பக்கம், விளையாட்டுக்கு என்றால் முன்பக்கம் என்று. அவள் அம்மா சொல்லியிருக்க மாட்டாள். அந்த வழியே வேண்டாம் என்று ஊரை விட்டு வந்தவள் அவள்.

ரத்னம்மா போன பிறகு சிந்து என்னை ஒன்று கேட்டாள். "நான் என்ன மாமா தப்பு பண்ணேன்? நீங்க சொன்ன மாதிரிதானே பண்ணேன்?" ஆமாம் என்றேன். மல்லிகா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் போய்ப் பாத்திரங்களைக் கழுவினாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

மறுநாள் ஞாயிறு. சிந்து தன் டப்பாவில் இருந்த கமிஷன் பணத்தை எடுத்துக்கொண்டு, துணைக்கு வாங்க மாமா என்றாள். போனோம். லைன் வீட்டுக் குழாயில் கூட்டம். எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் என்னைப் பேப்பர்க்காரர் என்று அடையாளம் தெரிந்து வணக்கம் சொன்னார். அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டு நிற்பது கஷ்டமாக இருந்தது.

ரத்னம்மாவிடம் தப்புங்க என்றேன். நேற்றே சொல்லியிருக்க வேண்டியது என்றும் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள். சிந்து நீட்டிய பணத்திலிருந்து பத்து ரூபாய் எடுத்துக்கொண்டாள். பிடித்த போனஸ். "இது எம் பொண்ணு சம்பாரிச்சது. மிச்சம் நீ வெச்சுக்க," என்றாள்.

"மிச்சமும் அவளுதுதான் ஆன்ட்டி," என்றாள் சிந்து.

"அது நீ சம்பாரிச்சது," என்றாள் ரத்னம்மா. அவ்வளவுதான். கோபமா, கேலியா, இரண்டும் இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. உள்ளே ஜோதியைத் தெலுங்கில் ஏதோ அதட்டினாள். ஜோதி கதவுக்குப் பின்னால் இருந்து சிந்துவைப் பார்த்தது, வெளியே வரவில்லை.

திரும்பி வரும்போது சாலையைக் கடக்க வண்டிகளுக்காக நின்றோம். சிந்து கேட்டாள்.

"அம்மாகிட்டேருந்து அந்தக் காண்ட்ராக்டர் எவ்ளோ எடுத்தாரு மாமா?"

அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று திகைத்தேன். நீ என் வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த அன்று அவள் உன் மடியில்தான் இருந்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று நினைத்திருந்தோம்.

"பத்துக்கு ரெண்டு," என்றேன்.

காய்கறி வண்டி ஒன்று போனது, அதன் பின்னால் ஒரு கம்பெனி பஸ்.

"நான் பத்துக்கு அஞ்சு எடுத்தேன்," என்றாள்.

பாப்பா, உன் மகளுக்குக் கணக்கு வந்துவிட்டது. நீ கேட்டது அதுதான். இப்படியா வர வேண்டும்? கையெழுத்துப் போடுகிற இடத்தில் அவள் நிற்கக் கூடாது என்றாய். நான் அவளை அங்கே நிறுத்தவில்லை. கையெழுத்து வாங்குகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். இந்த ஊரில் இரண்டே இடம்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேனோ என்னவோ.

அந்த மிச்சப் பணம் இன்னும் டப்பாவில் இருக்கிறது. அதை அவள் தொடுவதில்லை. கோயில் உண்டியலில் போடலாம் என்றார் ஆபீசில் ஒருவர். சிந்துவிடம் சொன்னேன். "சாமிக்கு எதுக்கு மாமா அது?" என்றாள். அதை என்ன செய்வது? உனக்குத் தெரிந்திருக்கும். நீ இருந்தால் அந்தப் பணமே வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

ரேட்டையெல்லாம் எடுத்துவிட்டோம். சனிக்கிழமை சிந்துவுக்கு ஒரு தொகை கொடுக்கிறேன், எந்த வேலைக்கும் இல்லை, இந்த வீட்டுப் பிள்ளை என்பதற்கு. எப்படிச் செலவு செய்தாள் என்று உட்கார்ந்து பேசுகிறோம். வீட்டு வேலை வீட்டில் இருக்கிறவர்கள் வேலை. அதில் நானும் உண்டு. நான் கழுவிய தோசைக்கல்லை மல்லிகா மறுபடி கழுவுகிறாள். "ரிஜெக்ட் பீசு" என்கிறாள் சிந்து. ஐம்பத்தெட்டு வயதில் எனக்குத் தொட்டியில் குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது. மல்லிகாவுக்கும் பிடித்திருக்கும். நான் அதையும் கேட்டதில்லை.

ஜோதி வீட்டுக்கு வருவதில்லை. ரத்னம்மா விடவில்லை. காலையில் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகும்போது முக்கு வரைக்கும் சேர்ந்து போகலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறாளாம். அங்கிருந்து இவள் மெட்ரிக் பள்ளிக்கு இடது பக்கம், அவள் அரசுப் பள்ளிக்கு வலது பக்கம். சிந்து இப்போதெல்லாம் சீக்கிரமே கிளம்பி கேட்டில் நிற்கிறாள். சில நாள் ஜோதி வருகிறது. சில நாள் அம்மாவோடு போய்விடுகிறது. ரத்னம்மா அந்தக் கதவை எப்போதாவது திறப்பாளா? திறக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மற்றவர்கள் கேட்க வேண்டிய காரணம் என்றேனே, அது இதுதான். என் கட்டுரையைப் படித்துவிட்டு எத்தனையோ வீட்டில் ரேட் போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளும் கெட்டிக்காரப் பிள்ளைகளாகத்தான் இருக்கும். பின்பக்கம் யார் வந்து கழுவுகிறார்கள் என்று பெற்றவர்கள் போய்ப் பார்க்க வேண்டும். பத்திரிகையில் நாங்கள் தப்பாக ஒன்றைப் போட்டால், மறுநாள் உள்பக்கத்தில் யார் கண்ணிலும் படாத மாதிரி இரண்டு வரி திருத்தம் போடுவோம். இதை அப்படிப் போட மனம் வரவில்லை. அந்தக் கட்டுரை வந்த அதே இடத்தில், அதே அளவில் இடம் கேட்டேன். ஆசிரியர் கொடுத்தார்.

ரத்னம்மாவின் பெயரையும் ஜோதியின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அது அவள் கேட்டுக்கொண்டது. சிந்துவிடம், உன் பெயரையும் மாற்றிவிடட்டுமா என்றேன். "உங்க பேரைப் போடுவீங்களா?" என்றாள். போடுவேன் என்றேன். "அப்ப என்னுதையும் போடுங்க," என்றாள்.

அவளுக்கு நீ நின்ற லைனைப் பற்றிச் சொல்லப் போகிறேன் பாப்பா. போனஸ், பிடித்தம், வெற்று வவுச்சர் எல்லாம். கையெழுத்துப் போடுமுன் படிக்கச் சொல்லிக் கொடுப்பேன். யாரிடமாவது கையெழுத்து வாங்கும் நாள் வந்தால், அவர்களைப் படிக்க விட்டுவிட்டு வாங்கச் சொல்லிக் கொடுப்பேன். நீ கேட்டது இதுதான் என்று இப்போதுதான் புரிகிறது. இந்த முறை தவற மாட்டேன்.

இது யாரைப் பற்றின நியூஸ் என்று நீ கேட்க வேண்டியதில்லை. பேர் போட்டிருக்கிறேன்.

உன் அண்ணன்,
சிந்துவின் மாமன்,
முருகேசன்